மனை வாங்கும் முன் டவுன் பஸ்ஸைப் பாருங்கள்: கடலூர்ப் பெண்களுக்கு விடியல் பயணம்

கடலூரைச் சுற்றி வயலெல்லாம் மனையாகி வருகிறது. ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அது பைக் வைத்திருப்பவரின் கணக்கு. வீட்டுப் பெண்கள் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் என்றால், நீங்கள் தேட வேண்டியது சாதாரணக் கட்டண டவுன் பஸ்.

2021 மே 8 முதல் தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இதைத்தான் ‘விடியல் பயணம்’ என்கிறார்கள். வயது வரம்பு, வருமான வரம்பு எதுவும் இல்லை, விண்ணப்பிக்கவும் வேண்டாம். இறங்கும் இடத்தைச் சொன்னால் கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு தருவார். காசு கொடுக்க வேண்டியதில்லையே என்று சீட்டு வாங்காமல் இருந்துவிடாதீர்கள். அந்த வழித்தடத்தில் எத்தனை பெண்கள் போகிறார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், மாற்றுத்திறனாளியுடன் வரும் ஒரு துணையாளர் ஆகியோருக்கும் சலுகை உண்டு.

சிதம்பரம், விழுப்புரம் போகும் வெளியூர் பஸ்ஸில் இது செல்லாது. தனியார் பஸ்ஸிலும், புதுச்சேரி அரசு பஸ்ஸிலும் செல்லாது. அவசரத்தில் கை காட்டி ஏறும்முன் கண்ணாடியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிடுங்கள்.

இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொல்கிறது. ஆனால், நிறுத்தத்துக்கே ஷேர் ஆட்டோவில் போக வேண்டியிருந்தால் அந்த மிச்சம் ஆட்டோவுக்கே போய்விடும். வீட்டிலிருந்து நிறுத்தம் 400 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில் இருப்பது நல்லது என்பது நகரமைப்பில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. மனை பார்க்கப் போகும்போது அந்தத் தூரத்தை நடந்தே பாருங்கள், முடிந்தால் இருட்டிய பிறகு. தெருவிளக்கு இல்லாத மண் பாதை என்றால் 400 மீட்டரும் அதிகம்தான்.

பஸ்ஸே வராத பகுதியா? மஞ்சக்குப்பம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஊராட்சி என்றால் கிராமசபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். புதிய மினி பஸ் திட்டத்திலும் வழித்தடம் கேட்கலாம். ஒரு தடம் அதிகபட்சம் 25 கி.மீ.; அதில் குறைந்தது 65 சதவீதம் இதுவரை பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். தனியார் ஓட்டும் மினி பஸ்ஸில் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். மனுவில் எத்தனை வீடுகள், எந்த நேரத்தில் பஸ் வேண்டும், சாலை எவ்வளவு அகலம் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.