இலை மக்காத ஏரி

கரையோரச் சேற்றைக் கிளறினால் போன வருடம் விழுந்த இலை கிழியாமல் முழுசாக வருகிறதா? உடனே தண்ணீரின் பிஹெச் அளவைப் பாருங்கள் (7க்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்). அமிலம் இலையைப் பதப்படுத்திவிட்டது என்று பலரும் சொல்வார்கள். பிஹெச் 5 அதற்கெல்லாம் போதாது. இலையைத் தின்னும் உயிர்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

தண்ணீரில் விழுந்த ஓரிரு நாளிலேயே சர்க்கரை, பொட்டாசியம் போன்றவை இலையிலிருந்து கரைந்து போய்விடும். இது எந்த நீரிலும் நடக்கும். அடுத்து பூஞ்சைகள் இழை விட்டு இலையைத் தளர்த்தும். அவற்றில் பல அமிலத்தைத் தாங்குபவை. ஆனாலும் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைச் சிதைக்கும் நொதிகள் சில அமில நீரில் மந்தமாகிவிடும். பெரிய அடி இலையைக் கடித்துத் தின்னும் சிற்றுயிர்களுக்குத்தான். பிஹெச் 6க்குக் கீழே இறங்க இறங்க நத்தைகளும், இறாலைப் போன்ற சிறு ஓட்டுயிர்களான காமரஸ் வகைகளும் காணாமல் போகும். ஓட்டுக்குக் கால்சியம் கிடைக்காது, உடலிலிருந்து சோடியமும் கசியும். 5.5க்குக் கீழே மண்ணிலுள்ள அலுமினியமும் கரைந்து வந்து சேரும்.

குறை பூஞ்சையிடமா, இலையைத் தின்னும் சிற்றுயிர்களிடமா என்று அறிய இரண்டு வகை வலைப்பைகள் போதும்: ஒன்று 10 மி.மீ. கண், மற்றது 0.5 மி.மீ. கண். ஒரே மரத்து இலை, காற்றில் உலர்ந்தது, பைக்கு 5 கிராம்; கட்டி ஏரித் தண்ணீரில் போட்டுவையுங்கள். சின்னக் கண்ணுக்குள் தின்னிகள் நுழைய முடியாது. எடைக் குறைவில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் அவற்றின் வேலை. இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் தின்னிகள் இல்லை என்று சந்தேகிக்கலாம்.

2, 7, 14, 28, 56ஆம் நாள்களில் வகைக்கு ஒரு பையாக எடுத்து, இலையை மெதுவாகக் கழுவி, 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். கணக்கு பெரும்பாலும் தொடக்க எடையில்தான் கெடுகிறது. காற்றில் உலர்ந்த இலையிலும் ஈரம் உண்டு. தனியாகக் கொஞ்சம் இலையை அதே 60 டிகிரியில் உலர்த்தி, ஈரத்தின் பங்கைக் கண்டு கழிக்காவிட்டால், ஈரம் போனதும் மக்கியதாகக் கணக்கில் ஏறிவிடும். ஒட்டிய வண்டல் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். 550 டிகிரியில் 4 மணி நேரம் எரித்துச் சாம்பல் எடையைக் கழியுங்கள்; தொடக்க இலைக்கும் இதையே செய்யுங்கள். 28 நாளில் 60 சதவீதம் மிஞ்சினால் மக்கும் வேகம் நாளொன்றுக்கு 0.018, அதாவது மிஞ்சியிருப்பதில் தினமும் சுமார் 1.8 சதவீதம்.

சுண்ணாம்புக்கல் தூள் போட்டால் பிஹெச் சீக்கிரம் ஏறிவிடும். தின்னிகள் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அதனால் தூள் போட்ட பிறகும் இரண்டு பைகளையும் போட்டுப் பாருங்கள். பெரிய கண் பை முந்தத் தொடங்கும் வரை பிஹெச் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்.