செட்டி: வேற்றுலகில் அறிவைத் தேடும் சொல்

வேற்றுக்கிரகவாசிகள் யாராவது இருக்கிறார்களா என்று தேடும் ஆராய்ச்சிக்கு எஸ், இ, டி, ஐ என்று நான்கெழுத்துப் பெயர். சேர்த்துச் சொன்னால் ‘செட்டி’. தமிழில் அப்படி எழுதினால் வியாபாரி ஞாபகம் வருகிறது, ஓர் எழுத்தை விட்டால் செடி ஆகிவிடுகிறது.

விரித்தால் ‘சர்ச் ஃபார் எக்ஸ்ட்ராடெரஸ்ட்ரியல் இன்டெலிஜென்ஸ்’. சர்ச் என்றால் தேடல். அடுத்ததில் எக்ஸ்ட்ரா, டெரா என்று இரண்டு லத்தீன் சொற்கள், பூமிக்குப் புறத்தே என்று பொருள். இன்டெலிஜென்ஸ்தான் சுவாரசியமானது. இன்டர் என்றால் இடையே, லெகெரே என்றால் பொறுக்குவது, வாசிப்பதும்கூட. பலவற்றுக்கு நடுவே சரியானதைப் பொறுக்கி எடுக்கிற திறமை என்பதுதான் அதன் அடி. நம்முடைய ‘தெரி’ என்ற வினையும் இதே போலத்தான்: ‘எனக்குத் தெரியும்’ என்றால் அறிவது, ‘தெரிந்தெடு’ என்றால் பொறுக்குவது.

பார்க்கப்போனால் இந்த ஆராய்ச்சியின் வேலையே பொறுக்குவதுதான். 1960-ல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க்கிலிருந்த 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்கள் பக்கம் திருப்பி, ஹைட்ரஜன் அணு ஒலிக்கும் 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிக் காது கொடுத்துக் கேட்டார். (டௌ செட்டியில் வரும் செட்டி வேறு, அது திமிங்கில விண்மீன் குழுவின் பெயர்.) இயற்கையின் இரைச்சல் பல அலைவரிசைகளில் பரந்து கிடக்கும், ஒரு குறுகிய அலைவரிசைக்குள் ஒடுங்கி ஒன்று வந்தால் அதை ஏதோ ஒரு கருவி அனுப்புகிறது என்று சந்தேகப்படலாம்.

1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹாயோவின் ‘பிக் இயர்’ தொலைநோக்கியில் 72 விநாடிகள் அப்படி ஒன்று வந்தது. சில நாள் கழித்து, கணினி அச்சடித்த தாளைப் புரட்டிய வானியலாளர் ஜெர்ரி எமன், சமிக்ஞையின் வலுவைக் காட்டும் எண்கள் நிறைந்த அந்தத் தாளில் 6, ஈ, க்யூ, யூ, ஜே, 5 என்று மேலிருந்து கீழே நின்ற வரிசையைச் சிவப்பு மையில் வளைத்து, ஓரத்தில் ‘வாவ்!’ என்று எழுதினார். ஒன்பதைத் தாண்டினால் பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று போகும் கணக்கு அது. யூ வந்தால் பின்னணி இரைச்சலைப் போல சுமார் 30 மடங்கு. மறுபடி அது கேட்கவே இல்லை.

பெயரின் முதல் எழுத்தும் எப்போதும் இதுவாக இருக்கவில்லை. 1971-ல் ஆர்மீனியாவின் பியூராகானில் மாநாடு கூடியபோது அங்கே ‘சர்ச்’ இல்லை, ‘கம்யூனிகேஷன்’, அதாவது பேச்சுத்தொடர்பு. ஆளையே காணோம், அதற்குள் என்ன பேச்சு? எழுபதுகளின் நடுவில் ‘தேடல்’ நிலைத்தது நல்லதுக்குத்தான். 1992-ல் நாசா தன் திட்டத்துக்கு ‘உயர் பகுதிறன் நுண்ணலை ஆய்வு’ என்று யாருக்கும் புரியாத பெயர் வைத்துப் பார்த்தது, ஆனாலும் அடுத்த வருடமே அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை வெட்டிவிட்டது.

சரி, தமிழில்? ‘வேற்றுலக அறிவுத் தேடல்’ என்பது சட்டென்று வரும். ஆனால் தமிழில் அறிவு என்ற சொல் ரொம்பத் தாராளம். தொல்காப்பியக் கணக்கில் புல்லுக்கும் மரத்துக்கும்கூட ஓரறிவு உண்டு, ஆக ஏதோ ஒரு கோளில் பாசி கிடைத்தாலும் தேடல் முடிந்துவிடும். இவர்கள் தேடுவது ரேடியோ அனுப்பத் தெரிந்த ஆளை. அதனால் நான் ‘வேற்றுலக ஆறறிவுத் தேடல்’ என்றே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் செடி உள்ளே நுழையாது.

மனிதரை ஆறறிவுயிர் என்று சொன்ன கையோடு தொல்காப்பியர் ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்றும் ஒரு வரி வைத்திருக்கிறார். உரைகாரர்கள் அதற்குத் தேவர், அசுரர் என்று பொருள் சொன்னார்கள். ஏலியனை அன்றே தமிழன் சொன்னான் என்று இதை வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள், நான் பொறுப்பில்லை.