கமிட் செய்யாத கோப்பைக் கிட் எப்படிக் காப்பாற்றுகிறது?

திருகோணமலை மாணவர்கள் சிலர் சேர்ந்து மாவட்டத்து நீர்நிலைகளைப் பற்றிய தரவுகளை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருளான கிட்டில் தொகுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூதூர், கிண்ணியா, நிலாவெளி, கன்னியா என்று ஊருக்கொரு கோப்புறை. எல்லாவற்றிலும் பெரிய பெரிய படங்கள். நிலாவெளிப் பகுதியை மட்டும் பார்ப்பவருக்கு மற்ற ஊர்ப் படங்கள் எதற்கு? 'கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் செட் நிலாவெளி' என்று கொடுத்தால் அந்தக் கோப்புறையும் மேல்மட்டக் கோப்புகளும் மட்டும் வட்டில் நிற்கும், மற்றவை விலகிவிடும். விலகியவற்றின் பிரதி, கிட் தன் பதிவுகளைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது. கிட் கவனிக்கும் கோப்புகளின் பட்டியலான இண்டெக்ஸில் அவற்றுக்கு 'ஸ்கிப்-வொர்க்ட்ரீ' (வட்டில் வைக்க வேண்டாம்) என்ற அடையாளம் விழும், அவ்வளவுதான்.

அதே மாணவர் சற்று முன்புதான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றின் வெப்பநிலையை 39.5 என்பதிலிருந்து 40.1 என்று திருத்தியிருந்தால்? அதை அவர் இன்னும் கமிட் செய்யவில்லை, அதாவது களஞ்சியத்தில் நிலையாகப் பதியவில்லை; அதற்கு முந்தைய படியான ஆட் கூடச் செய்யவில்லை. அந்த எண் அவருடைய வட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. கோப்பை அழித்தால் போனதுதான்.

கிட் இங்கே பார்ப்பது ஒன்றைத்தான்: வட்டில் உள்ளதும் களஞ்சியத்தில் உள்ளதும் ஒன்றா? இண்டெக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அளவு, கடைசியாக மாறிய நேரம், உள்ளடக்கத்தின் ஹாஷ் (அதிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியீடு) முதலியவற்றைக் குறித்து வைத்திருக்கிறது. 39.5, 40.1 இரண்டுக்கும் நான்கு எழுத்துகளே என்பதால் அளவு மாறாது. நேரம்தான் காட்டிக்கொடுக்கும். இண்டெக்ஸ் எழுதப்பட்ட அதே கணத்தில் கோப்பும் மாறியிருந்தால் நேரத்தையும் நம்ப முடியாது. அப்போது கிட் கோப்பையே திறந்து உள்ளடக்கத்தை ஒப்பிடுகிறது. சில பைட்டுகளுக்காக இவ்வளவு கவனம் எடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மாற்றம் தெரிந்தால் அந்தக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை விலக்கும். எது நின்றது என்று எச்சரிக்கையும் வரும். இருவர் மாற்றங்களை இணைக்கும்போது எழும் முரண்பாடான மெர்ஜ் மோதல் தீராத கோப்புகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பிறகு கமிட் செய்துவிட்டு, அதே தேர்வை மீண்டும் செயல்படுத்தும் 'கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் ரீஅப்ளை' கொடுத்தால் நின்ற கோப்பும் விலகும்.

2020 ஜனவரியில் வந்த கிட் 2.25 பதிப்பில் ஸ்பார்ஸ்-செக்அவுட் கட்டளை அறிமுகமானபோது ஒரு கோப்பு மாறியிருந்தாலே முழு வேலையையும் மறுத்துவிடும். அதே ஆண்டு 2.27 பதிப்பில்தான் இன்றைய நடைமுறை வந்தது. இதுவே சரியான முடிவு. கட்டளை மறுத்துக்கொண்டே இருந்தால், அவசரத்தில் இருப்பவர் மாற்றத்தைத் தூக்கி எறியத்தான் பார்ப்பார்.

ஆனால் கடைசி கமிட்டில் (ஹெட்) உள்ளதை எடுக்க 'கிட் செக்அவுட் ஹெட் -- கன்னியா' என்று பாதையைக் குறிப்பிட்டுக் கேட்டால் இந்தக் காவல் கிடையாது. ஒரு கிளையிலிருந்து (தனியாக வளரும் பதிவுத் தொடர்) இன்னொன்றுக்கு மாறும்போது உங்கள் மாற்றம் அழியும் நிலை வந்தால் கிட் மறுக்கும். பாதையைச் சொன்னால், பழையதைக் கொண்டுவா என்று நீங்களே பணித்ததாக எடுத்துக்கொண்டு கேள்வியின்றி மேலெழுதிவிடும். முன்பே 'கிட் ஆட்' செய்திருந்தால் வழியுண்டு: அந்த உள்ளடக்கம் களஞ்சியத்துக்குள் போயிருக்கும். 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' அதைத் தேடி எடுத்துத் தரும். கோப்பின் பெயர் வராது, ஹாஷ்தான் பெயராக இருக்கும். வழக்கமான அமைப்பில் இரண்டு வாரம் கடந்தால் கிட்டின் துப்புரவு அதையும் நீக்கிவிடலாம் என்பதால் உடனே தேடுவது நல்லது.