ஹெரால்டு முதல் கிராண்ட் ஐ10 வரை: கேம்ஷாஃப்ட் மாடியேறிய கதை

இன்ஜினின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எப்படி இடம் மாறியது என்று பார்க்க, நம்ம ஊரிலேயே செய்த மூன்று கார்கள் போதும். வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஹெரால்டு, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ, பிற்பாடு அதே ஆலையில் உருவான கிராண்ட் ஐ10. மூன்றிலும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 948, 999, 1197 சி.சி. என்று அளவிலும் பெரிய தூரம் இல்லை. ஆனால் வால்வைத் திறக்கும் விதம் மூன்றிலும் வேறு.

காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இன்டேக் வால்வு, எரிந்த வாயு வெளியேற எக்ஸாஸ்ட் வால்வு. இரண்டையும் மூடிவைப்பது ஸ்பிரிங். திறப்பது கேம்ஷாஃப்ட்டில் இருக்கும் முட்டை வடிவ மேடுகள். ஷாஃப்ட் சுற்றும்போது மேடு வந்து வால்வை அழுத்தும், மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் மூடிவிடும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வுக்கு ஒரு முறை வேலை வரும்; அதனால் கேம்ஷாஃப்ட் பாதி வேகத்தில்தான் ஓடும். பாதி என்றாலும் சும்மா இல்லை: 6000 ஆர்.பி.எம்.மில், அதாவது கிராங்க் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூட வேண்டும்.

ஹெரால்டில் கேம்ஷாஃப்ட் கீழே, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள் கிராங்குக்குப் பக்கத்தில் இருந்தது. வால்வுகளோ மேலே, பிளாக்கை மூடும் ஹெட்டில். நடுவில் கேம் மேட்டின்மேல் உட்காரும் டேப்பெட், அதன்மேல் புஷ்ராட் என்ற நீளமான கம்பி, அதற்கு மேல் வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கர். அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினும் இப்படித்தான். ராயல் என்ஃபீல்டின் புல்லட் 350-க்கும் 2023 வரை புஷ்ராட்தான். எளிமையான அமைப்பு, ரிப்பேர் சுலபம். சிக்கல் எடையில்தான். வேகம் கூடக்கூட, இத்தனை இரும்பையும் ஸ்பிரிங்கால் நேரத்துக்குத் திருப்பி இழுக்க முடியாது. வால்வு மூடாமல் மிதக்க ஆரம்பிக்கும். அதற்காக இதைப் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் கார்வெட்டில் இன்றும் புஷ்ராட் வி8 உண்டு. வி வடிவ இன்ஜினில் நடுவில் ஒரே கேம்ஷாஃப்ட் வைத்து இரண்டு பக்கத்தையும் இயக்கிவிடலாம்; பக்கத்துக்கு இரண்டு கேம்ஷாஃப்ட்டை மேலே வைக்கும் டி.ஓ.ஹெச்.சி.க்குப் போனால் நான்கு வேண்டும்.

சான்ட்ரோவில் கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்கு ஏறியது. எஸ்.ஓ.ஹெச்.சி. என்பது இதுதான்: மேலே ஒரே ஒரு கேம்ஷாஃப்ட். புஷ்ராட் போனது, ராக்கர் மட்டும் மிஞ்சியது. சிலிண்டருக்கு இரண்டு இன்டேக், ஒரு எக்ஸாஸ்ட் என்று மொத்தம் 12 வால்வுகள்.

கிராண்ட் ஐ10-இல் இரண்டு கேம்ஷாஃப்ட், அதாவது டி.ஓ.ஹெச்.சி. இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று. புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1912-லேயே பெஜோ பந்தயக் காரில் இது வந்துவிட்டது. சிலிண்டருக்கு நான்கு வால்வுகளை வசதியான கோணத்தில் வைத்து, ஸ்பார்க் பிளக்கை நட்டநடுவில் இறக்கலாம். ஆனால் ‘16 வால்வு’ என்று போட்டிருந்தால் டி.ஓ.ஹெச்.சி.தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹோண்டா சிட்டி பல வருஷம் ஒரே கேம்ஷாஃப்ட்டை வைத்துக்கொண்டு ராக்கர் வழியாகப் பதினாறையும் திறந்தது.

சரி, சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் சிக்னலுக்கு சிக்னல் நகரும் காருக்கு இரண்டு கேம்ஷாஃப்ட் எதற்கு? அதிவேக ஆர்.பி.எம். நமக்கு அங்கே கிடைக்கப்போவதில்லை. என் கணக்கில் உண்மையான லாபம் வால்வு நேரத்தை மாற்ற முடிவதுதான். வேகமாக ஓடும்போது காற்று ஓட்டம் பிடித்து உள்ளே பாயும்; இன்டேக் வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடினால் இன்னும் நிறைய உள்ளே வரும். மெதுவாக ஊரும்போது அதே தாமதம் கெடுதல்: மேலேறும் பிஸ்டன், உள்ளே வந்ததில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். நிலையான கேம்ஷாஃப்ட் இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொள்கிறது. கேம்ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சக்கரத்துக்குள் ஆயில் அழுத்தம் கொடுத்து ஷாஃப்ட்டைச் சில டிகிரி முன்பின் திருப்பினால் அந்தச் சமரசம் வேண்டாம். ஹூண்டாய் வி.டி.வி.டி. என்ற பெயரில் விற்றது இதைத்தான். ஒரே ஷாஃப்ட்டைத் திருப்பினால் பொதுவாக இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து நகரும். தனித்தனி ஷாஃப்ட் என்றால் ஒன்றை விட்டு ஒன்றைத் திருப்பலாம். டிராஃபிக்கில் இழுவை, மைலேஜ், புகைக் கட்டுப்பாடு மூன்றுக்கும் இது உதவும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் கேம்ஷாஃப்ட் எத்தனை என்பதைவிட, அதைச் சுற்றுவது எது என்று கேட்பது நல்லது. சான்ட்ரோவில் ரப்பர் டைமிங் பெல்ட், கிராண்ட் ஐ10 பெட்ரோலில் செயின். ஓடும்போது பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் அப்படியே நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. பல இன்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதி வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டிவரும். செயினுக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் இன்ஜின் ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் அதுவும் தேய்ந்து நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெல்ட் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் அதைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான்.