இசிஆர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா: திருச்சி விமான நிலையத்தில் நிறுத்தப்படாமல் இருக்க

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு அச்சாகியிருக்கும். இதைத்தான் இசிஆர் பாஸ்போர்ட் என்கிறோம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போவோர் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைகளைப் பார்க்கவோ ஊர் சுற்றவோ போகிறவர்களுக்கு எந்த நாடானாலும் இந்த அனுமதி தேவையில்லை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து திருச்சிக்குப் போய், பெட்டியை ஏற்றிய பிறகு திருப்பி அனுப்பப்பட்டு அழுதபடி வீடு திரும்புகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

முதலில் அந்தக் குறிப்பை நீக்க முடியுமா என்று பாருங்கள். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் படிப்புச் சான்றே தேவையில்லை, வயதுச் சான்று போதும். ஆனாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று சொல்லி, அறுபது வயதுத் தாய்மார்களைத் திருப்பி அனுப்பும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். வருமான வரி கட்டுகிறவருக்கும் அவருடைய மனைவிக்கும் இந்த விலக்கு உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பத்தாம் வகுப்பில் தேறிய சான்று வேண்டும். அந்த வகுப்புவரை படித்ததாகச் சொல்லும் மாற்றுச் சான்றிதழ் போதாது. 2018 நவம்பரில் கஜா புயலில் கூரையோடு சான்றிதழையும் இழந்தவர்கள், படித்த பள்ளியின் வழியாகத் தேர்வுத் துறையில் மறுபிரதிக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு ஓடினால் அது வேளைக்குக் கைக்கு வராது.

குறிப்பை நீக்குவதற்கு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். புதிய புத்தகம் புதிய எண்ணோடு வரும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய எண்ணில் விசாவை எடுத்துவிட்டு அதன் பிறகு மறுவெளியீட்டுக்குப் போனால், விசாவுக்குக் கட்டிய பணம் வீணாகும்.

அடுத்த சிக்கல் பெயரில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் அது செல்லாது என்பதால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார். 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிப்பதில்லை. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் அங்கே மகன் இருந்தாலும், கையில் பணம் இருந்தாலும் விமானத்தில் ஏற்ற மறுக்கலாம். பாஸ்போர்ட் எடுக்கும்போதே தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ முழுமையாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் எழுத்துகள் வேறுபட்டால், இ-சேவை மையத்தில் முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டுத் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போங்கள். இந்த வரிசை மாறினால் ஒரே எழுத்துக்காக இரண்டு அலுவலகங்களுக்கும் மாறி மாறி அலைய நேரும், அந்த அலைச்சலுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் தங்க விடுகிறது. இதை வைத்துத்தான் இன்று அதிகம் ஏமாற்றுகிறார்கள். "போய் இறங்குங்கள், வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலாவாகப் போனவர் வேலை செய்தால் அந்த நாட்டில் அவர் குற்றவாளி; சம்பளம் தராவிட்டாலும் அவரால் புகார் சொல்ல முடியாது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிச் சுற்றுலா விசாவில் போன நம் பிள்ளைகள், மியான்மாரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கும் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டிக்கும் மேல் கட்டணம் வாங்கக் கூடாது. உரிம எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள்.

மலேசியாவுக்குப் போகுமுன், பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இதற்கும் பணம் பிடுங்குகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட் உண்மையானதாக இருக்க வேண்டும். ஏஜென்ட் அச்சிட்டுத் தரும் தாளை நம்பாமல், பிஎன்ஆர் எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மீதமிருக்கட்டும்.

குடியேற்ற அதிகாரி கேட்கும் கேள்விகள் சிறியவை: யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள். மகளின் பிரசவத்துக்காகத் துபாய் புறப்பட்ட மன்னார்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வீட்டு வேலையெல்லாம் நான்தான் பாக்கணும் சார்" என்றார். மகளுக்கு ஒத்தாசை என்பதே அவர் மனத்தில் இருந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண் என்று எழுதி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்தியச் சாமானும் குழந்தைத் துணியும் நிறைந்த பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே மகளின் பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அட்டை நகல், அழைப்புக் கடிதம், மருத்துவமனைச் சீட்டு, உறவைக் காட்டும் சான்று ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். "மகள் வீட்டுக்குப் போகிறேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன்" என்று மட்டும் சொன்னால் போதும்.

அப்படியும் நிறுத்தினால் சத்தம் போடாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரமறுத்தால் நேரத்தையும் கவுண்டர் எண்ணையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே குடியேற்றப் பிரிவின் மேலதிகாரிக்கு எழுதுங்கள். ஏஜென்ட்டிடம் ஏமாந்தவர்கள் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். பணம் கொடுத்த ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அழியாமல் இருக்கட்டும்.