ஃபேஸ்லிஃப்ட்டுக்கு வெளிநாடு போகுமுன் உங்கள் குடும்ப மருத்துவரிடம் வாருங்கள்

"டாக்டர், இஸ்தான்புல்லில் சின்னதாக ஒரு ஃபேஸ்லிஃப்ட் செய்கிறார்களாம். கத்தியே அதிகம் படாதாம். ஐந்து நாளில் ஊர் திரும்பிவிடலாமாம். போகலாமா?"

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து, தளர்ந்த முகத்தைத் தூக்கி இறுக்கும் ஃபேஸ்லிஃப்ட் பற்றி இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. சிலருக்கு ஊர் இஸ்தான்புல், சிலருக்கு பாங்காக், உறவினர்கள் இருப்பதால் சிலருக்குச் சென்னை அல்லது மும்பை. கேட்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். ஆண்களும் கேட்கிறார்கள், பி.பி. பார்த்து, மருந்துச் சீட்டும் வாங்கிவிட்டு, எழுந்திருக்கும்போது கேட்கிறார்கள். மகளின் கல்யாணம் வருகிறது. அல்லது எடை குறைந்ததில் கன்னம் தளர்ந்து தாடையோரம் தொங்குகிறது. அல்லது கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையது போலவே இல்லை என்று தோன்றுகிறது.

இந்த ஆசையை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். பிள்ளைகளை ஆளாக்கி, மாமியாரைப் பார்த்துக்கொண்டு, வீட்டையும் வேலையையும் சுமந்து முடித்த ஒரு பெண், தன் முகத்துக்காகத் தன் பணத்தைச் செலவழிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நான் அறுவை சிகிச்சை செய்பவர் அல்ல. நீங்கள் எந்த ஊரில் செய்துகொண்டாலும் எனக்கு ஒரு ரேண்டும் வராது. ஆனால் திரும்பி வந்த பிறகு சிவந்து வீங்கிய காயம் என் எதிரில்தான் வந்து உட்கார்கிறது. அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "குறைந்த கீறல்" என்ற விளம்பரத்தின் கீழ் வெவ்வேறு சிகிச்சைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, முள் போன்ற அமைப்புடைய நூலை ஊசியால் தோலுக்கடியில் செலுத்தி இழுத்துவைக்கும் த்ரெட் லிஃப்ட். இதில் அதிகம் பயன்படும் பாலிடையாக்ஸனோன் நூல் ஏறக்குறைய ஆறு மாதத்தில் உடலிலேயே கரைந்துவிடும். தூக்கலான தோற்றம் பலருக்கு ஓராண்டைத் தாண்டுவதில்லை. இன்னொன்று தோலுக்கடியில் வெப்பம் செலுத்தி இறுக்குவது. மூன்றாவதுதான் மினி ஃபேஸ்லிஃப்ட். இது உண்மையான அறுவை சிகிச்சை.

முகத்தின் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, தசையோடு சேர்ந்த மெல்லிய திசு அடுக்கு ஒன்று உண்டு. 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் அதைத் தெளிவாக விவரித்தார்கள். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் தோல் மறுபடி தளர்ந்துவிடும். அந்த அடுக்கைத் தூக்கிப் பிடித்தால்தான் சில ஆண்டுகள் நிற்கும். 2000-களின் தொடக்கத்தில் பெல்ஜிய மருத்துவர்களான டோனாரும் வெர்பேலும், காதுக்கு முன்னால் மட்டும் கீறி, உள்ளே தையலால் அந்த அடுக்கை மேல்நோக்கித் தூக்கிக் கட்டும் முறையைப் பரப்பினார்கள். இன்று மினி ஃபேஸ்லிஃப்ட் என்று விற்கப்படுபவற்றில் பல இதன் வழிவந்தவை. நல்ல முறைதான். ஆனால் வெளியே கீறல் சிறியது என்பதால் உள்ளே வேலையும் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. கன்னத்துத் தோலைப் பல சென்டிமீட்டர் அகலத்துக்கு அடியிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். அதற்குக் கீழே முகநரம்பின் கிளைகள் ஓடுகின்றன. புருவத்தைத் தூக்குவதும் உதட்டோரத்தை இறக்குவதும் அந்தக் கிளைகள்தான்.

கழுத்துத் தோல் நிறையத் தொங்குகிறவர்களுக்கு இந்தச் சிறிய முறை போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகைப்படத்தை மட்டும் பார்த்து "உங்களுக்கு மினி போதும்" என்று செய்தி அனுப்புகிறவரை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நூல் சிகிச்சை என்று நினைத்துப் போனவர். வந்தபோது இரண்டு காதுகளுக்கு முன்னாலும் தையல் வரி இருந்தது. வலது காதுக்குப் பின்னால், கட்டைவிரல் நகம் அகலத்துக்குத் தோல் கறுத்துக் காய்ந்திருந்தது. "என்ன ஆபரேஷன் செய்தார்கள் அம்மா?" என்று கேட்டேன். "நூல்தான் என்றார்கள் டாக்டர், பிறகு அங்கே போனதும் இதுதான் நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள்" என்றார். பளபளப்பான கோப்பு ஒன்றை எடுத்து வைத்தார். பணம் கட்டிய ரசீது, ஓட்டல் அட்டை, எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இரண்டு வரி, வலி மாத்திரைப் பெட்டி ஒன்று, இவ்வளவுதான் இருந்தன. எந்த அடுக்கில் தைத்தார்கள், என்ன நூல், என்ன மயக்க மருந்து, எந்த நோயெதிர் மருந்து (ஆன்டிபயாடிக்) என்று ஒரு குறிப்பும் இல்லை. கறுத்த இடத்தைப் படம் பிடித்து அவர் அனுப்பியிருந்தார். "இது இயல்பு" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அது இயல்பு அல்ல. ரத்த ஓட்டம் போதாமல் தோல் இறந்திருந்தது. பல வாரம் கட்டு மாற்றி ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. அவர் நாள்தோறும் புகைபிடிப்பவர். அதை யாரும் கேட்கவில்லை என்றார்.

புகை, தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அடியிலிருந்து பிரித்த தோல் அந்தக் குழாய்களை நம்பித்தான் உயிர்வாழ வேண்டும். அதனால்தான் நல்ல மருத்துவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மின்சிகரெட் இழுக்கும் வேப்பிங்கும் இதில் சேர்த்தி. இந்தக் கேள்வியைக் கேட்காமலே தேதி கொடுக்கிற இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

ஃபேஸ்லிஃப்ட்டுக்குப் பிறகு அதிகம் வரும் சிக்கல் ரத்தக்கட்டு. தோலுக்கடியில் ரத்தம் தேங்கி ஒரு பக்கம் திடீரென்று வீங்கும், இறுகும், வலிக்கும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ரத்த அழுத்தம் அடங்காதவர்களுக்கும் ஆண்களுக்கும் வாய்ப்பு அதிகம். தாடி வளரும் தோலில் ரத்த ஓட்டம் மிகுதி. உடனே திறந்து ரத்தத்தை வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதித்தால் மேலிருக்கும் தோல் இறந்துபோகும். இப்போது யோசித்துப் பாருங்கள்: அறுவை முடிந்து மாலையிலேயே உங்களை ஓட்டல் அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு இடது கன்னம் கல் போல் இறுகுகிறது. யாரைக் கூப்பிடுவீர்கள்? எந்த மொழியில்? அந்த மருத்துவர் அரை மணியில் வந்து அறுவை அரங்கைத் திறப்பாரா? இந்தக் கேள்விகளுக்குப் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் பதில் கிடைக்காத வரை டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஐந்து நாளில் திரும்புவது என்பதும் எனக்கு ஏற்பில்லை. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் விமானம் ஏற ஏழு முதல் பத்து நாள் பொறுக்க வேண்டும் என்பது பொதுவாகத் தரப்படும் அறிவுரை. தையல் பிரிப்பதே ஏறக்குறைய ஒரு வாரத்தில்தான் தொடங்குகிறது. டர்பனிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலான பயணம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமே காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அண்மையில் அறுவை செய்துகொண்டவருக்கு அது இன்னும் கூடுதல். இரண்டு வாரம் தங்கத் திட்டமிடுங்கள். தங்கும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் பலருக்கு அந்த மலிவு விலை மலிவாக இருப்பதில்லை. கல்யாணத்துக்காகச் செய்துகொள்கிறவர்கள், வீக்கமும் கன்றலும் வடிய வாரக்கணக்கில் ஆகும், தழும்பு முதிர ஓராண்டு வரை ஆகும் என்பதை மனத்தில் வைத்துத் தேதி குறியுங்கள்.

இனி நம்மவர்களுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியவை. இங்குள்ள இந்திய வம்சாவளியினரிடையே சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்று உங்களுக்கே தெரியும். மூன்று மாதச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 8 சதவீதத்துக்குக் கீழே வராமல் அவசரமில்லாத அறுவைக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகலாம். எடை குறைக்க ஓஸெம்பிக் போன்ற ஊசி போடுகிறவர்களுக்கு வயிறு காலியாக நேரமாகும். பட்டினி இருந்தும் உணவு தங்கியிருந்து மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். எடை குறைந்து முகம் தளர்ந்ததால்தான் பலர் இந்தச் சிகிச்சைக்கே போகிறார்கள். ஆனால் ஊசியை மட்டும் படிவத்தில் எழுதுவதில்லை. எழுதுங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை எல்லாமே ரத்தக்கசிவைக் கூட்டலாம். அதற்காக, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னார் என்று ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவே கூடாது. இந்த மருந்துகளை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதைத்தான் உங்கள் குடும்ப மருத்துவர் உட்கார்ந்து எழுதித் தர முடியும்.

உங்கள் காது, மூக்கு குத்திய இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே தடித்து உருண்ட தழும்பு இருந்தால் உங்கள் தோல் கெலாய்டு வளர்க்கும் தோல். ஃபேஸ்லிஃப்ட் கீறல் அதே காதைச் சுற்றித்தான் வரும். நம் நிறத்துத் தோலில் காயம்பட்ட இடம் கறுத்து நிற்பதும் அதிகம், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்து வெயில் அதைக் கூட்டும். முகம் வெளுக்கக் கிரீம் தடவி வந்தவர்கள் அதையும் மறைக்காதீர்கள். ஹைட்ரோகுவினோன் கலந்த அழகுக் கிரீம்களை இந்த நாடு 1990-லேயே தடைசெய்தது. ஆனாலும் சந்தைகளில் ஒளித்து விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. ஆண்டுக்கணக்கில் தடவிய தோல் மெலிந்து போயிருக்கும், தையல் சரியாகப் பிடிக்காது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக் கன்னத்தில் அலகு குத்துகிறவர்கள், நூல் வைத்த கன்னத்தில் குத்த வேண்டாம். எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று செய்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவர் யார் என்று பார்ப்பது எப்படி? இங்கே ஒருவர் பதிவு பெற்றவரா, எந்தத் துறையில் நிபுணர் என்பதைச் சுகாதாரத் தொழில் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பார்த்துவிடலாம்; புகாரும் கொடுக்கலாம். அந்த மன்றத்தின் அதிகாரம் நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. எனவே போகும் நாட்டின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். இந்தியா என்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். துருக்கியில் வெளிநாட்டு நோயாளிகளைச் சேர்க்கும் மருத்துவமனைகளும் ஏற்பாட்டு நிறுவனங்களும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஜே.சி.ஐ. என்ற சர்வதேசத் தரச்சான்று அமைப்பின் முத்திரை மருத்துவமனைக்கு உரியது. உங்கள் முகத்தைத் தொடப்போகிறவரின் கைத்திறனுக்கு அது சான்று அல்ல. ஏற்பாட்டாளரோடு பேசிப் பயனில்லை. மருத்துவரோடு நேரடியாகக் காணொளியில் பேசுங்கள். மயக்கம் கொடுப்பவர் அதற்கென்று பயின்ற மருத்துவரா என்று கேளுங்கள். அங்கெல்லாம் சிறந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், நல்ல முறையில் செய்துகொண்டு மகிழ்ச்சியோடு வந்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் அநேகமாக எல்லோரும் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போனவர்கள்.

மெடிக்கல் எய்ட் என்னும் இங்குள்ள மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அழகு அறுவைக்குப் பணம் தருவதில்லை. பின்னால் வரும் சிக்கலுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடும் பொதுவாக இதை விலக்கிவைத்திருக்கும்.

திரும்பும்போது ஆங்கிலத்தில் எழுதிய அறுவைக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். என்ன செய்தார்கள், என்ன நூல், என்ன மருந்து, எந்த நாளில் தையல் பிரிப்பது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணத்தின் கடைசித் தவணையைக் கட்டும்போதே அதைக் கேளுங்கள். விமான நிலையத்துக்குக் கார் வந்து நிற்கும்போது கேட்டால் கிடைக்காது.

கடைசியாக, மறைப்பதைப் பற்றி. பலர் வீட்டாரிடம் சுற்றுலா என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போகிறார்கள். யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. ஆனால் கூட ஒருவர் வர வேண்டும், அக்காவோ தோழியோ, அறுவை நடந்த இரவு உங்கள் முகத்தைப் பார்த்து "இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படி வீங்குகிறது?" என்று கேட்கும் ஒருவர். மருத்துவரிடம் மட்டும் எதையும் மறைக்கவே கூடாது. மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் என்றொரு கிருமி உண்டு. 2013, 2014 ஆண்டுகளில் டொமினிக்கன் குடியரசில் அழகு அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பிய பலருக்கு அது தொற்றியிருந்தது. வாரங்களோ மாதங்களோ கழித்து, ஆறிய தழும்பில் சிவந்த சிறு கட்டி எழும்பும், கொஞ்சமாக நீர் வடியும். வழக்கமான நோயெதிர் மாத்திரைக்கு அடங்காது. சாதாரணச் சீழ்ப் பரிசோதனையில் தவறிப்போகலாம். அதற்கென்று தனியாகத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மருத்துவமும் மாதக்கணக்கில் நீளும். அப்படியொரு கட்டியோடு எந்த மருத்துவரிடம் போனாலும், "இத்தனை மாதத்துக்கு முன் இந்த நாட்டில் முகத்தில் அறுவை செய்துகொண்டேன்" என்பதை முதல் வரியாகச் சொல்லிவிடுங்கள்.