மௌஸால் இழுத்துப் பார்க்கும் பாலம்

8 மீட்டர் இடைவெளியில் இரண்டு தூண்கள். நடுவே கட்டிய கயிற்றில் 100 கிலோ மூட்டை தொங்குகிறது. கயிறு 2 மீட்டர் தொய்ந்திருந்தால், தூண்களை உள்நோக்கி இழுக்கும் விசையும் 100 கிலோ எடைக்குச் சமம். தொய்வு 1 மீட்டர் என்றால் 200. அரை மீட்டர் என்றால் 400. துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான்.

சூத்திரமாகக் கொடுத்தால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஜியோஜீப்ரா என்ற வடிவியல் வரைபட மென்பொருளில் வரையச் சொன்னால் கதை வேறு. திரையில் ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் விசை முக்கோணம். முக்கோணத்தின் செங்குத்துப் பக்கம் மூட்டையின் எடை. மற்ற இரண்டும் கயிற்றின் இரு பாதிகளுக்கு இணையானவை, அவற்றின் நீளமே இழுவிசை. மூட்டை தொங்கும் புள்ளியை மௌஸால் மேலே தள்ளத் தள்ள, முக்கோணம் பக்கவாட்டில் நீண்டு திரையை விட்டே ஓடிவிடும். முதல் வகுப்பில் எண்களை மறைத்துவைப்பதே நல்லது என்பேன்.

முறை பழையதுதான். சூரிச்சில் பொறியாளர் கார்ல் குல்மான் 1860களிலேயே இதைப் பாடமாக்கினார். ஐஃபெல் கோபுரத்தின் முதல் வரைபடத்தைப் போட்ட மோரிஸ் கெஷ்லின் அவருடைய மாணவர். ஆனால் காகிதத்தில் ஒரு புள்ளியை நகர்த்தினால் மொத்தப் படத்தையும் திரும்ப வரைய வேண்டும். அந்தத் தொல்லைதான் இப்போது இல்லை.

அடுத்து, நிஜப் பாலத்தின் புகைப்படத்தை அடியில் வைத்து அதன்மேல் வரையலாம். சுவிட்சர்லாந்தில் பொறியாளர் ராபர்ட் மயார் 1930இல் முடித்த சால்ஜினாடோபெல் பாலம் இதற்கு அருமையானது. 90 மீட்டர் கான்கிரீட் வளைவு. இரு முனையிலும் உச்சியிலும் கீல்கள். சுமை வளைவின் வழியே தரைக்கு இறங்கும் பாதையைக் காட்டும் கோடு இந்த மூன்று கீல்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். பாதிப் பாலத்தில் மட்டும் சுமையை ஏற்றினால், கோடு அந்தப் பக்கம் மேலே எழும்பும், மறுபக்கம் கீழே இறங்கும். அதிகமாக விலகுவது கீல்களுக்கு நடுப்பட்ட இடங்களில். சரி, புகைப்படத்தைப் பாருங்கள்: வளைவு பருத்திருப்பதும் அங்கேதான், கீல்களை நெருங்கும்போது மெலிகிறது.

படம் நேர் எதிரே, தூரத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் கோணங்கள் பொய் சொல்லும். அப்புறம், அமுக்கவிசை தாங்கும் மெல்லிய உறுப்பு வளைந்து நெளிந்து முறியும் ஆபத்தை இந்தக் கோடுகள் காட்டாது. அதைத் தனியாகக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.